தீநுண்மத் தொற்றுக்குப் பிந்தைய களைப்பும் உடற்பயிற்சி மறுவாழ்வும்

தீநுண்மத் தொற்றுக்குப் பிந்தைய களைப்பு என்பது, தீநுண்மத்தால் (வைரசு) ஏற்பட்ட காய்ச்சல் தணிந்த பின்னரும் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும் உடற்சோர்வைக் குறிக்கும். இச்சோர்வைக் குறைத்து, நோயாளியைப் பழைய உழைப்புத்திறனுக்குக் கொண்டுவரும் நோக்கில் படிப்படியாக உடற்பயிற்சி அளிக்கும் முறை உடற்பயிற்சி மறுவாழ்வு எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் சிக்குன்குனியா பரவலும், 2020இல் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றும் இவ்வகைக் களைப்பைப் பலருக்கும் அறிமுகப்படுத்தின. தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டி போன்ற வேளாண் ஊர்களில் உடலுழைப்பே பிழைப்பு ஆகையால், எவ்வளவு ஓய்வு, எவ்வளவு அசைவு என்பது அங்கே கூலியோடு பிணைந்த கேள்வியாகும்.

இம்மறுவாழ்வு எல்லாருக்கும் ஒரே வகையில் பயன் தருவதில்லை. படுக்கையில் கிடந்ததால் வலுவிழந்தவருக்கு உடற்பயிற்சி மருந்தாகிறது. உழைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ நோய் முற்றும் தன்மையுடையவருக்கு அதே பயிற்சி தீங்காகலாம். இரு சாராரும் மருத்துவரிடம் கூறும் முதல் சொல் "அசதியாக இருக்கிறது" என்பதே. இவர்களைப் பிரித்தறிவதே சிகிச்சையின் முதற்படி.

பெயரும் வரையறையும்

சளிக்காய்ச்சல், டெங்கு, சிக்குன்குனியா, சுரப்பிக் காய்ச்சல், கோவிட்-19 எனப் பல தொற்றுகளுக்குப் பின்னர் களைப்பு நீடிப்பதுண்டு. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆறு மாதம் கடந்தும் களைப்பு நீடித்து, உழைப்புக்குப் பிந்தைய நலிவு, புத்துணர்வு தராத உறக்கம், நினைவுத் தடுமாற்றம் அல்லது நிற்கும்போது மோசமாகும் அறிகுறிகள் ஆகியவை சேர்ந்திருந்தால், அந்நிலை நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறி எனக் கண்டறியப்படலாம். கோவிட்டைப் பொறுத்தவரை, தொற்று தொடங்கி மூன்று மாதங்களான நிலையில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும், வேறு காரணத்தால் விளக்க இயலாத அறிகுறிகளை "கோவிட்டுக்குப் பிந்தைய நிலை" என உலக சுகாதார அமைப்பு 2021 அக்டோபரில் வரையறுத்தது.

இத்தகைய களைப்பு வெறும் மனப்பிரமை என்னும் கருத்து மருத்துவர்களிடையேயும் நெடுங்காலம் நிலவியது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்திலுள்ள டப்போ என்னும் ஊரில் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடையளித்தது. சுரப்பிக் காய்ச்சல், கியூ காய்ச்சல், ராசு ஆற்றுக் காய்ச்சல் ஆகிய மூன்று தொற்றுகளில் ஒன்றுக்கு ஆளான 253 பேர் தொற்றின் தொடக்கம் முதல் கண்காணிக்கப்பட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின்னர் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறிக்கான வரையறைக்குள் வந்தனர். யாருக்குக் களைப்பு நீடிக்கும் என்பதைத் தொடக்கக் காய்ச்சலின் கடுமையே முன்னுணர்த்தியது. நோயாளியின் மனநிலையோ பின்னணியோ அவ்வாறு உணர்த்தவில்லை. மூன்று தொற்றுகளில் கியூ காய்ச்சல் தீநுண்மத்தால் வருவதன்று, பாக்டீரியாவால் வருவது. ராசு ஆற்றுத் தீநுண்மமோ சிக்குன்குனியா தீநுண்மத்தின் நெருங்கிய உறவாகும். எனவே இம்முடிவு தமிழ்நாட்டிற்கு அத்துணை அந்நியமானது அன்று.

தமிழ்நாட்டில்

சிக்குன்குனியா என்னும் சொல் ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியைச் சார்ந்தது. வளைந்து முடங்குவதைக் குறிப்பது. 1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்நோய் முதன்முதலில் விளக்கப்பட்டது. (பெயரின் ஒலியைக் கேட்டுக் கோழிக்கறியை ஒதுக்கியவர்களும் உண்டு. கோழிக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. ஏடிசு கொசுவே இதனைப் பரப்புகிறது.) இந்தியாவில் 1963இல் கொல்கத்தாவிலும், 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் இது பரவியது. 1973க்குப் பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரிய பரவல் எதுவும் இல்லாதிருந்து, 2005 இறுதியில் மீண்டும் தலைதூக்கியது. 2006இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. தமிழ்நாட்டின் பங்கு 60 ஆயிரத்துக்கும் மேல்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் நின்றுவிடும். மணிக்கட்டு, விரல், கணுக்கால், முழங்கால் மூட்டுகளின் வலியும் விறைப்பும் சிலருக்கு மாதங்களையும் தாண்டித் தொடரும். காலையில் எழுந்ததும் கையை மூட இயலாமை இந்நோயாளிகளின் பொதுவான முறையீடு. வலியால் அசைவு குறைய, அசைவு குறைவால் தசை மெலிய, மெலிந்த தசையால் களைப்பு கூடுகிறது. அதே காலத்தில் பெரும் பரவலைக் கண்டது, தமிழ் வழிவந்தோர் பலர் வாழும் ரீயூனியன் தீவு. 2005-06இல் அத்தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தொற்றுக்கு ஆளாயினர். அவர்களில் பலருக்கு ஈராண்டுகள் ஆகியும் மூட்டுவலியும் களைப்பும் நீங்கவில்லை என்பதைப் பின்னர் எடுக்கப்பட்ட ஆய்வுகள் காட்டின.

கோவிட்-19 காலத்தில் மறுவாழ்வு பற்றிய அரசு வழிகாட்டல் விரைந்து வந்தது. இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2020 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட கோவிட்டுக்குப் பிந்தைய மேலாண்மை நெறிமுறை, யோகாசனம், மூச்சுப்பயிற்சி, தாங்கும் அளவிலான நடை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. தாங்கும் அளவு எது என்பதை எவ்வாறு அறிவது? இக்கட்டுரையின் மீதிப் பகுதி பெரும்பாலும் இவ்வினாவைப் பற்றியது.

களைப்பின் இரு வழிகள்

முதல் வழி உடற்தகுதி இழப்பு. 1966இல் அமெரிக்காவின் டாலசு நகரில் நலமான ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அவர்களின் உச்ச ஆக்சிசன் நுகர்வு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை விளைவித்த குறைவைவிட அந்த மூன்று வாரப் படுக்கை விளைவித்த குறைவு கூடுதலாக இருந்தமை தெரியவந்தது. அதே ஆய்வில், படுக்கைக்குப் பின் அளிக்கப்பட்ட பயிற்சி அவர்களை மீட்டதும் குறிப்பிடத்தக்கது. மருத்துவமனையில் பல நாள் கிடந்தவருக்கும், மூட்டுவலியால் முடங்கியவருக்கும் உடற்பயிற்சி வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படை.

இரண்டாவது வழி வேறு. இவ்வகையினர் சிறிது உழைத்தபின், உடனே அன்றி 12 முதல் 72 மணி நேரத்திற்குள் காய்ச்சல் உணர்வு, தசைவலி, தலைக்கனம், மந்தநிலை ஆகியவற்றுடன் சரிகின்றனர். இச்சரிவு நாட்கணக்கில் நீடிக்கும். உழைப்புக்குப் பிந்தைய நலிவு என்பது இதுவே. மிதிவண்டிச் சோதனையை இரு நாட்கள் அடுத்தடுத்து நடத்தினால், வலுவிழந்தவர் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவை எட்டுவார். நலிவு உள்ளவர்களில் பலருக்கு இரண்டாம் நாள் அளவு குறைந்துவிடும். 2024 சனவரியில் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று, நீடித்த கோவிட் நோயாளிகளின் தொடைத் தசையைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்து ஆராய்ந்தது. பயிற்சிக்குப் பின் தசைத் திசுச் சேதம் கூடியிருந்தது. உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான இழைமணிகளின் செயல்பாடும் தாழ்ந்திருந்தது. சோம்பலால் இத்தகைய சேதம் வருவதில்லை.

சிலருக்கு மூன்றாவதாக ஒரு சிக்கலும் உண்டு. படுத்திருக்கையில் இயல்பாக உள்ள நாடித்துடிப்பு, எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் 30க்கு மேல் கூடும். தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். இவர்களை நடக்கச் சொல்வதைவிடப் படுத்தும் உட்கார்ந்தும் செய்யும் பயிற்சிகளில் தொடங்குவது பொருத்தமானது.

பேசு ஆய்வும் சர்ச்சையும்

படிமுறை உடற்பயிற்சிச் சிகிச்சை என்பது, நோயாளியின் அறிகுறிகள் எவ்வாறிருப்பினும் முன்னரே வகுத்த அட்டவணைப்படி பயிற்சியைக் கூட்டிக்கொண்டே செல்லும் முறையாகும். நோயாளி உழைப்புக்கு அஞ்சி ஒதுங்குவதாலேயே தகுதி இழக்கிறார் என்பது இதன் கோட்பாடு. இம்முறைக்குப் பேராதரவாக அமைந்தது பிரித்தானியாவில் நடத்தப்பட்ட பேசு ஆய்வு. 641 நோயாளிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 2011இல் தி லான்செட் இதழில் முடிவு வெளியானது. படிமுறை உடற்பயிற்சியும் அறிதிற நடத்தைச் சிகிச்சையும் மிதமான முன்னேற்றம் தந்ததாக அது அறிவித்தது. உடற்பயிற்சிக் குழுவினர் ஓராண்டு முடிவில் ஆறு நிமிடங்களில் சராசரியாக 379 மீட்டர் நடந்தனர். பொது மருத்துவக் கவனிப்பு மட்டும் பெற்றோர் 348 மீட்டர் நடந்தனர். வேறுபாடு 31 மீட்டர். கூடிய அளவும் நலமான ஒருவரின் நடைக்கு வெகு கீழேயே இருந்தது.

2013இல் இதே ஆய்வாளர்கள், இவ்விரு சிகிச்சைகளையும் பெற்றோரில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் குணமடைந்ததாக எழுதினர். இங்கேதான் சிக்கல் எழுந்தது. உடல் இயக்கத்தை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில் 65 அல்லது அதற்குக் கீழ் உள்ளவரே நோயாளியாகச் சேர்க்கப்பட்டனர். முதல் திட்டப்படி 85ஐ எட்டினால்தான் அக்கூறில் குணம் எனக் கொள்ள வேண்டும். ஆனால் இறுதிப் பகுப்பாய்வில் அது 60 ஆகத் தாழ்த்தப்பட்டது. அதாவது 65இல் சேர்ந்து 60க்கு இறங்கிய ஒருவரும் அந்தக் கூறைப் பொறுத்தவரை குணமானவர் வரிசையில் நிற்க இயலும். தேர்ச்சி மதிப்பெண் நுழைவு மதிப்பெண்ணைவிடக் குறைவாக அமைந்த தேர்வு இது எனலாம். மாற்றங்கள் உரிய ஒப்புதலுடன், தரவுகளைப் பார்ப்பதற்கு முன்னரே செய்யப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆய்வின் தரவுகளைக் கேட்டு நோயாளிகள் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் போராடினர். 2016இல் தீர்ப்பாயம் அவற்றை வெளியிட ஆணையிட்டது. முதல் திட்டத்தின் வரையறைகளைக் கொண்டு 2018இல் வெளியான மறுபகுப்பாய்வில், குணமடைந்தோர் விகிதம் மிகவும் சுருங்கி, குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாது போயிற்று. 2021 அக்டோபரில் பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனம், 2007இல் தான் பரிந்துரைத்திருந்த படிமுறை உடற்பயிற்சிச் சிகிச்சையை நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டறிகுறிக்கு வழங்கக் கூடாது எனத் தன் வழிகாட்டலை மாற்றியது. நோயாளி விரும்பினால், அந்நோயில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில், அறிகுறிகளைப் பின்பற்றி மாற்றத்தக்க செயல்திட்டத்தை அது தடுக்கவில்லை. நோயாளிகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததே இறுதியில் வழிகாட்டலாயிற்று என்பது இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

இதனால் உடற்பயிற்சி முழுவதும் தவறு என்று ஆகிவிடாது. பிரேசிலில் நாட்பட்ட சிக்குன்குனியா நோயாளிகளுக்குப் பன்னிரண்டு வாரம் பிலாட்டீசு பயிற்சி அளித்த ஆய்வு (2019) வலி குறைந்ததையும் இயக்கம் மேம்பட்டதையும் கண்டது. நெகிழ்பட்டை போன்றவற்றைக் கொண்டு தசைக்கு எதிர்ப்புத் தரும் பயிற்சியிலும் இதையொத்த பயன் கிடைத்தது. கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்து திரும்பிய 585 பேரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், எட்டு வார இணையவழிக் குழுப்பயிற்சி வாழ்க்கைத் தரத்தைச் சிறிதளவு உயர்த்தியது. மூட்டு முடங்கியவரும் படுக்கையிலிருந்து எழுந்தவரும் ஒருவகை, நலிவுடையவர் வேறுவகை. ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுவதுபோல் தோன்றுவதற்கு இவ்விரு வகையினரும் கலந்திருப்பது ஒரு காரணம்.

பயிற்சிக்கு முன்

களைப்புக்கு வேறு காரணம் உண்டா எனப் பார்ப்பதே முதற்பணி. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிப் பேருக்கு இரத்தம் குறைவாக உள்ள ஊரில், காய்ச்சலுக்குப் பின் அசதி என்று வருபவரின் இரத்தத்தைச் சோதிக்காமல் நடக்கச் சொல்வது முறையாகாது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, காசநோய், மனச்சோர்வு ஆகியவையும் களைப்பாகவே வெளிப்படும்.

நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல் இருப்பின் பயிற்சியைத் தொடங்காது மருத்துவரை அணுக வேண்டும். தொற்றால் இதயத்தசை அழற்சி கண்டவர்களுக்குக் கடும் பயிற்சி மூன்று முதல் ஆறு மாதங்கள் விலக்கப்படுகிறது. ஆறு நிமிட நடைச் சோதனை, ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ இயலும் என்னும் சோதனை ஆகியவற்றுக்கு நாற்காலியும் கடிகாரமும் விரல்நுனி ஆக்சிசன் அளவியும் போதும். சோதனையின்போது ஆக்சிசன் செறிவு 4 விழுக்காடு அல்லது மேலும் குறைந்தால் நுரையீரலைக் கவனிக்க வேண்டும். சோதனையே நலிவுடையவரைச் சரித்துவிடலாம் என்பதால், முந்தைய வாரத்தில் உழைத்த மறுநாள் எப்படி இருந்தது என்று முதலில் கேட்பது நன்று.

பயிற்சி முறை

உழைப்புக்குப் பிந்தைய நலிவு இல்லாதவர்களுக்கு, உலக சுகாதார அமைப்பின் தன்மேலாண்மைக் கையேடு ஐந்து கட்டங்களை வகுக்கிறது. முதற்கட்டம் மூச்சுப்பயிற்சி, மெல்லிய நடை, தசை நீட்டல். அதன்பின் இலேசான வேலை, மிதமான வேலை, ஒருங்கியக்கம் வேண்டும் வேலை என உயர்ந்து, ஐந்தாவதில் பழைய நிலை. ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஏழு நாட்கள் இருக்க வேண்டும். இயலாவிடில் முந்தைய கட்டத்திற்கு இறங்க வேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க்கு உருவாக்கிய, உணரும் உழைப்பை 0 முதல் 10 வரை எண்ணாகக் கூறும் அளவுகோல் இதற்குப் பயன்படுகிறது. முதற்கட்டத்தில் 0 முதல் 1, இரண்டாவதில் 2 முதல் 3 என்னும் அளவைத் தாண்டக் கூடாது. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்பது கருவி வேண்டாத சோதனை.

சிக்குன்குனியா மூட்டுகளுக்குத் தொடக்கம் இன்னும் எளியது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரல்களை மூடித் திறத்தல், கணுக்காலைச் சுழற்றுதல், படுத்தபடி தொடைத்தசையை இறுக்கித் தளர்த்துதல் என வலி கூடாத எல்லைக்குள் தொடங்கி, வீக்கம் வடிந்தபின் எதிர்ப்புப் பயிற்சிக்குச் செல்லலாம். மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் நாளில் வலுவூட்டும் பயிற்சி வேண்டாம்.

நலிவு உள்ளவருக்கு அட்டவணை கிடையாது. நாளின் ஆற்றலை ஒரு வரவுசெலவுக் கணக்காகக் கொண்டு, வரவுக்குள் செலவை அடக்கும் அளவறிந்த செயல்பாடு அவர்களுக்கு உரியது. களைத்தபின் ஓய்வதைவிடக் களைக்கும் முன் ஓய்வது, பெரிய வேலையைத் துண்டுகளாக்குவது, நன்றாக உள்ள நாளில் விட்டதை எல்லாம் பிடிக்க முயலாதிருப்பது ஆகியவை இதன் நடைமுறைகள். மூன்றாவது கூறுவதற்கு எளிது, கடைப்பிடிக்க மிகக் கடினம். எதையும் கூட்டுவதாயின், கூட்டிய பின்னர் மூன்று நாட்கள் சரிவின்றிக் கழிந்தனவா எனப் பார்த்தே அடுத்ததைக் கூட்ட வேண்டும். உலக சுகாதார அமைப்பின் 2022 வழிகாட்டலும் இவ்வகையினரை முதலில் இனங்காணுமாறு வலியுறுத்துகிறது.

தேவதானப்பட்டியும் தேனி மாவட்டச் சூழலும்

தேவதானப்பட்டி, பெரியகுளம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மஞ்சளாறு அணைக்கு அருகில் உள்ள பேரூராட்சியாகும். மாந்தோப்பும் தென்னையும் வயலும் சூழ்ந்த ஊர். தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் வாழையும் விளைகின்றன. பள்ளத்தாக்கின் தொழிலாளர் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மேற்கண்ட கையேடுகள் எழுதப்பட்ட நாடுகளில் நோயாளி அலுவலக நாற்காலிக்குத் திரும்புகிறார். இங்கே அவர் சரிவான தோட்டத்திற்குத் திரும்புகிறார்.

உழைப்பின் அளவை ஓய்வுநிலை ஆற்றல் செலவின் மடங்காகக் கூறுவது வழக்கம். அமைதியாக உட்கார்ந்திருப்பது 1 மடங்கு. அது நிமிடத்திற்கு உடலெடை கிலோ ஒன்றுக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிசன் நுகர்வுக்குச் சமம். வீடு பெருக்குதல் ஏறத்தாழ 3 மடங்கும், மண்வெட்டியால் கொத்துதல் 5 மடங்கும் அதற்கு மேலும் ஆகும். சுமையுடன் மேடேறுவது இன்னும் மிகும். கையேட்டின் நான்காம் கட்டத்தில் வரும் உழைப்பு, தோட்டத் தொழிலாளிக்கு வேலையின் முதல் மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. எனவே இங்கே மறுவாழ்வு என்பது தனியே ஒரு பயிற்சியைச் சேர்ப்பதைவிட, இருக்கும் வேலையைப் படிகளாக்குவதாகவே அமைய வேண்டும். காய் தரம்பிரித்தல், பூக்கட்டுதல், காய்ந்ததைப் பொறுக்குதல் போன்ற அமர்ந்த வேலைகள் முதலிலும், நீர் பாய்ச்சுதல், களையெடுத்தல் பின்னரும், சுமை தூக்குதல் இறுதியிலும் வரலாம். குடத்தை அரைக்குடமாக்கி இருமுறை எடுப்பதும் ஒரு படியே. வெயில் நாடித்துடிப்பைக் கூட்டுவதால் உச்சிவேளை உழைப்பைத் தவிர்ப்பது பலனளிக்கும்.

நாட்கூலியில் இவ்வகைப் படிகளுக்கு இடம் குறைவு. அரைநாள் வேலைக்கு ஆள் எடுக்காத தோட்டத்தில், நோயாளி முழுநாளும் உழைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பார். அது சோம்பல் எனப் பெயர் பெறும். வீட்டில் சமையலும் தண்ணீரும் பெண்களின் பொறுப்பாகவே இருப்பதால், மருத்துவர் எழுதும் "ஓய்வு" என்னும் சொல் அவர்களுக்கு நடைமுறையில் பொருளற்றுப் போவதுண்டு. மறுவாழ்வு ஆலோசனையின்போது குடும்பத்தினரையும் உடன் அமர்த்துவது இதனாலேயே தேவைப்படுகிறது.

மருத்துவ வசதியைப் பொறுத்தவரை, இப்பகுதியினர் ஆரம்ப சுகாதார நிலையங்களையும், பெரியகுளம் அரசு மருத்துவமனையையும், ஆண்டிப்பட்டி அருகே க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடுகின்றனர். 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. இது முதன்மையாக நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோருக்கும் நடமாட இயலாதோருக்கும் ஆனது. காய்ச்சலுக்குப் பிந்தைய களைப்பு அதன் தனி இலக்கு அன்று. எனினும் வீட்டிற்கு வரும் இயன்முறை மருத்துவர், நோயாளி எந்தக் கிணற்றிலிருந்து எத்தனை குடம் எடுக்கிறார், எத்தனை படி ஏறுகிறார் என்பதை நேரில் காண முடியும். மருத்துவமனைக் கூடத்தில் 30 மீட்டர் நடக்கவைத்துப் பெறும் தகவலைவிட அது பயனுள்ளது. இரண்டு நாள் கழித்து மீண்டும் வந்தோ தொலைபேசியிலோ "அதன்பிறகு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டால், மிதிவண்டிச் சோதனைக் கருவி இல்லாத ஊரிலும் இருவகை நோயாளிகளைப் பெருமளவு பிரித்தறியலாம்.